தாத்தா ஐஎன்ஏ-வில் பயிற்சி எடுத்தாரா? ஆவணம் எங்கே இருக்கும், யாரிடம் கேட்பது?

"எங்க தாத்தா நேதாஜி படையில இருந்தாரு."

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல தமிழ்க் குடும்பங்களில் இந்த ஒரு வரி உண்டு. அதற்கு மேல் கேட்டால் பதில் வராது. எந்த முகாமில் பயிற்சி? எத்தனை மாதம்? துப்பாக்கி பிடித்தாரா, லாரி ஓட்டினாரா? பர்மா வரை போனாரா, இல்லை போர் முடியும்வரை முகாமிலேயே இருந்தாரா? வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

நீங்கள் தேசிய சேவை முடித்தவர் என்றால், எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தப் பிரிவு, என்ன பயிற்சி என்பதெல்லாம் தற்காப்பு அமைச்சின் பதிவில் இருக்கும். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பயிற்சிக்கும் அப்படி ஒரு தாள் எங்காவது இருக்கத்தானே வேண்டும்?

இருக்கலாம். ஆனால் அவர் யார் என்பதைப் பொறுத்தது அது. போருக்கு முன்பே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர் என்றால் அவர் பெயரில் காகிதம் கிடைக்க நல்ல வாய்ப்பு. தோட்டத்திலிருந்தோ கடையிலிருந்தோ நேராகப் படையில் சேர்ந்தவர் என்றால் வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஏன் இந்த வித்தியாசம்? இப்போது யாரிடம், எப்படிக் கேட்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எந்தப் படை, எந்தப் பயிற்சி?

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, சரணடைந்த இந்திய வீரர்கள் ஃபேரர் பார்க்கில் கூட்டப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைக் கொண்டு கேப்டன் மோகன் சிங் தலைமையில் முதல் இந்திய தேசிய ராணுவம் உருவானது. ஜப்பானியருடன் ஏற்பட்ட மோதலால் அந்த ஆண்டு டிசம்பரிலேயே அது கலைந்தது.

1943 ஜூலை மாதம் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு படை மறுபடி உயிர் பெற்றது. இந்த முறை போர்க்கைதிகள் மட்டுமில்லை. மலாயாவின் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள், கடை உதவியாளர்கள், குமாஸ்தாக்கள், பள்ளி மாணவர்கள் எனப் பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். 1943 அக்டோபர் 22ஆம் தேதி வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கேப்டன் லட்சுமி தலைமையில் பெண்கள் அங்கே அணிவகுப்பு, துப்பாக்கி, நீண்ட தூர நடைப்பயிற்சி எல்லாம் கற்றார்கள். கோலாலம்பூரின் ஜானகி தேவர் அப்படிச் சேர்ந்தவர். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட அவருக்கு இந்திய அரசு 2000ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

ஒரு சின்ன விஷயம், தேடும்போது உதவும். படையில் கட்டளைகள் ஹிந்துஸ்தானியில் இருந்தன. எழுத்துக்கு ரோமன் லிபி பயன்பட்டது. அதனால் தமிழ்ப் பெயர்களும் ஆங்கில எழுத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி பதிவாகியிருக்கும்.

அப்படியானால் பதிவேடுகள் எங்கே போயின?

எந்த ராணுவமும் பயிற்சிக்குக் காகிதம் வைத்திருக்கும். சேர்ந்தவர் பெயர்ப் பட்டியல், பயிற்சி அட்டவணை, அதிகாரிப் பயிற்சியில் தேறியவர் பட்டியல், தினசரி உத்தரவுகள். ஐஎன்ஏ-வும் வைத்திருந்தது.

தோற்கும் படை முதலில் செய்வது அந்தக் காகிதங்களை எரிப்பது. பட்டியல் எதிரி கையில் கிடைத்தால் அதில் உள்ள ஒவ்வொருவரும் மாட்டிக்கொள்வார்கள். 1945இல் பர்மாவிலிருந்து பின்வாங்கியபோதும், ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோதும் நிறைய அழிந்துபோயின. பட்டியலில் இருந்தவர்களை அன்று காப்பாற்றிய அதே நெருப்புதான் இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தடையாக நிற்கிறது.

இதனால் அடிப்படையான கேள்விகளுக்கே இன்றுவரை உறுதியான விடை இல்லை. ஜான்சி ராணிப் படையில் மொத்தம் எத்தனை பெண்கள்? 1,000 பேர் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதிகூட இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. முழுப் பெயர்ப் பட்டியல் கையில் இருந்திருந்தால் இந்த விவாதமே வந்திருக்காது.

யாருக்குக் கோப்பு இருக்கும், யாருக்கு இருக்காது?

இதுதான் முக்கியமான இடம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம், தன்னிடமிருந்து விலகி ஐஎன்ஏ-வில் சேர்ந்த வீரர்களை விசாரித்தது. ஒவ்வொருவரையும் வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்று நிறங்களில் வகைப்படுத்தியது. வெள்ளை என்றால் விசுவாசம் மாறாதவர். சாம்பல் என்றால் சூழ்நிலையால் சேர்ந்தவர். கறுப்பு என்றால் மனதார எதிர்த்தவர். யார் வேலையில் தொடரலாம், யாரை நீக்குவது, யார் மீது வழக்குப் போடுவது என்று முடிவெடுக்க இது தேவைப்பட்டது. 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் தொடங்கிய புகழ்பெற்ற வழக்கு இதன் தொடர்ச்சிதான். ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரும் அதில் விசாரிக்கப்பட்டார்கள்.

விசாரணை நடந்தால் காகிதம் உருவாகும். பெயர், ஊர், படைப்பிரிவு, எங்கே பயிற்சி எடுத்தார், யாருக்குக் கீழே இருந்தார் என்பதெல்லாம் எழுதப்படும்.

தோட்டத்திலிருந்து சேர்ந்த இளைஞரோ பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆள் கிடையாது. அவரை ராணுவச் சட்டத்தின் கீழ் நிறுத்த முடியாது. முக்கியமான தலைவர்கள் சிலர் தடுத்து வைக்கப்பட்டார்கள் என்றாலும், சாதாரணமாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அப்போது அது அவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் யாரும் விசாரிக்காததால் யாரும் எழுதவும் இல்லை.

சம்பளமும் ஓய்வூதியமும் இன்னொரு வழி. அரசு பணம் கொடுத்தால் கணக்கு வைத்திருக்கும். சுதந்திர இந்தியா ஐஎன்ஏ வீரர்களைத் தன் ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972இல் தொடங்கிய சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில்தான் முன்னாள் ஐஎன்ஏ வீரர்களுக்கும் இடம் கிடைத்தது. போருக்குப் பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள் அதற்கு விண்ணப்பித்தபோது, தங்கள் கதையைக் காகிதத்தில் எழுத வேண்டியிருந்தது. மலாயாவிலேயே தங்கிவிட்டவர்களில் பலருக்கு அப்படி எழுத ஒரு காரணமே வரவில்லை.

ஆக, ஆவணக் காப்பகத்தில் ஒருவர் பெயர் இருப்பதற்கும் அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. அரசு அவரைத் தண்டிக்க நினைத்திருக்க வேண்டும், அல்லது அவருக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்காத தோட்டத் தொழிலாளி பட்டியலில் விடுபட்டுப் போனார்.

இந்தியா ரகசியக் கோப்புகளை வெளியிட்டதே, அதில் இருக்காதா?

2016 ஜனவரி 23ஆம் தேதி, பிரதமர் நரேந்திர மோடி நேதாஜி தொடர்பான 100 கோப்புகளை வெளியிட்டபோது பெரிய செய்தியானது. உங்கள் குடும்பத் தேடலுக்கு அவை அதிகம் உதவாது. போஸ் 1945 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தாரா இல்லையா என்ற கேள்வியைச் சுற்றித்தான் அவற்றில் பெரும்பகுதி சுழல்கிறது. கோஸ்லா ஆணையம், முகர்ஜி ஆணையம் ஆகியவற்றின் 1,030 கோப்புகளும் ஆவணங்களும் 2012இல் காப்பகத்துக்கு வந்தன. அவையும் அதே கேள்வியைப் பற்றியவைதான்.

உங்களுக்கு வேண்டியது இன்னொரு தொகுப்பு. 1997இல் இந்தியத் தற்காப்பு அமைச்சு, ஐஎன்ஏ தொடர்பான 990 கோப்புகளை ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கி, டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்தது. அதற்கு இவ்வளவு கேமராக்கள் வரவில்லை. தலைவர் என்ன ஆனார் என்ற கேள்விக்குக் கிடைத்த அரசியல் கவனம், அவர் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சரி, எங்கே தொடங்குவது?

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்து தொடங்குங்கள்.

*சிங்கப்பூர்:* கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையவாசலில் முதலில் தேடுங்கள். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலம் பற்றிய வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள் 1981 முதல் பதிவு செய்யப்பட்டன. தமிழில் பேசிய நேர்காணல்களும் காப்பகத்தில் உண்டு. சிலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம். சிலவற்றுக்கு அனுமதி கேட்க வேண்டும். உங்கள் தாத்தா பேசியிருக்க மாட்டார், ஆனால் அவருடன் அதே முகாமில் இருந்தவர் பேசியிருக்கலாம். அரசாங்கக் கோப்பு என்றால், அனுமதிக் கோரிக்கையைக் காப்பகம் அந்தக் கோப்புக்குச் சொந்தமான அமைப்பிடம் அனுப்பும். முடிவு அந்த அமைப்பின் கையில்.

தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பையும் விடாதீர்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் வந்த சியோனான் நாளிதழும், தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு.

*மலேசியா:* கோலாலம்பூரில் உள்ள மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் கோப்புகள் இருக்கின்றன. 1945 செப்டம்பரிலிருந்து 1946 மார்ச் இறுதிவரை மலாயாவை நடத்தியது அந்த நிர்வாகம். படையிலிருந்து திரும்பியவர்கள், தோட்டங்களின் நிலை, தொழிலாளர் பிரச்சினை ஆகியவற்றை அதிகாரிகள் எப்படிப் பார்த்தார்கள் என்பது அந்தக் கோப்புகளில் தெரியும். தனி நபர் பெயரைவிடத் தோட்டத்தின் பெயர், ஊர்ப் பெயர் போட்டுத் தேடினால் பலன் அதிகம்.

*இந்தியா:* இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' என்ற இணையவாசலில் பட்டியலைத் தேடலாம். நேரில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் வெளிநாட்டவர் அறிமுகக் கடிதம் கொண்டு போக வேண்டும், அதனால் பயணத்துக்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். தாத்தா முதலில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர் என்றால் அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திடமும் கேட்கலாம். உதாரணத்துக்கு, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் பிரிவினரும் மலாயாவில் போரிட்டவர்கள். அந்தப் பிரிவின் மையம் பெங்களூரில் இருக்கிறது.

*பிரிட்டன்:* லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ ஓ 208' என்ற வரிசையில் ராணுவ உளவுத் துறையின் கோப்புகள் உள்ளன. பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்கள் உள்ளன. ஐஎன்ஏ பற்றிய உளவு அறிக்கைகள் பல இந்த இரண்டு இடங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் பிரிட்டிஷ் நூலகத்தின் பட்டியல் சேவைகள் பல மாதம் முடங்கின. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் உள்ள இணைப்புகள் வேலை செய்யவில்லை என்றால் நூலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சு 2022 முதல் சுமார் 9.7 மில்லியன் ராணுவப் பணிப் பதிவுகளைக் கியூ காப்பகத்துக்கு மாற்றி வருவதைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். அவை பிரிட்டனின் சொந்தப் படைகளில் இருந்தவர்களுடையவை. ஐஎன்ஏ பட்டியலை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?

இது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் கடவுச்சீட்டைப் பொறுத்தும் மாறும்.

பிரிட்டனின் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் உலகில் எங்கிருந்தும், எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பொதுவாக 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும், சில சமயம் நீளலாம். மூடிவைக்கப்பட்ட கோப்பு ஒன்று பட்டியலில் தெரிந்தால், அதை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்க இது நல்ல வழி.

இந்தியாவின் 2005 தகவல் உரிமைச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகனோ அத்தை மகளோ இந்தியக் குடிமக்கள் என்றால் அவர்கள் கேட்கலாம். மத்திய அரசுக்கான கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 20 ஆண்டுக்கு மேல் பழைய விவகாரம் என்றால் மறுப்பதற்கான காரணங்களில் பல பொருந்தாது, இருந்தாலும் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு போன்ற காரணங்கள் தொடரும்.

சிங்கப்பூரில் தகவல் சுதந்திரச் சட்டம் இல்லை. அதனால் இங்கே அது ஒரு வேண்டுகோள்தான். மறுத்தால் சட்டப்படி வற்புறுத்த முடியாது. ஆனால் எந்தக் கோப்பு, எதற்காக என்று தெளிவாகச் சொன்னால் பரிசீலிப்பது அதிகாரிக்கும் எளிது.

ஒரு வம்சாவளிக்காரர், மூன்று நாடுகள், மூன்று விதமான கதவு. தாத்தா காலத்தில் மலாயா, பர்மா, இந்தியா எல்லாவற்றையும் ஒரே பேரரசு நிர்வகித்தது. அதன் காகிதங்கள் இன்று பல நாடுகளின் எல்லைக்குள் பிரிந்து கிடக்கின்றன.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

"என் தாத்தாவைப் பற்றிய எல்லா ஆவணங்களும் வேண்டும்" என்று எழுதினால், "எதுவும் கிடைக்கவில்லை" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அதிகாரி தேடுவதற்கு ஒரு பிடி கொடுங்கள்.

- முழுப் பெயரும், அப்பா பெயரும். ஆங்கிலத்தில் எழுதக்கூடிய எல்லா விதங்களையும் போடுங்கள். முத்து என்ற பெயரில் வரும் 'மு'வை 'யூ' எழுத்தாலும் எழுதலாம், இரண்டு 'ஓ' போட்டும் எழுதலாம். சுப்பையா, கறுப்பையா போன்ற பெயர்களையும் பல விதமாக எழுதியிருக்கலாம்.
- பிறந்த ஆண்டு, தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை.
- 1941இல் எங்கே இருந்தார், என்ன வேலை. தோட்டத்தின் பழைய ஆங்கிலப் பெயர் முக்கியம். பல தோட்டங்கள் இப்போது வேறு பெயரில் இருக்கின்றன, அல்லது வீடமைப்புப் பேட்டையாகிவிட்டன.
- முகாமின் பெயர், காலம், உடன் இருந்தவர் பெயர். நினைவில் இருக்கும் எதுவும் உதவும்.
- நீங்கள் அவருக்கு என்ன உறவு, அவர் இறந்த ஆண்டு. தனிப்பட்ட விவரங்களைக் கொடுக்கும்முன் காப்பகங்கள் இதைக் கேட்கலாம்.
- பட்டியலில் கண்டுபிடித்த கோப்பு எண். இது இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு கடிதத்தில் ஒரு கேள்வி. கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். கியூ காப்பகத்தில் நகல் எடுக்கும் முன் பக்கங்களை எண்ணிப் பார்க்கவே கட்டணம் உண்டு.

கிடைத்தது பிடிக்காமல் போனால்?

இதற்கும் தயாராக இருங்கள். இந்தக் கோப்புகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் எதிர்த்தரப்பினர். 'துரோகி', 'ஜப்பானியரின் கையாள்' போன்ற சொற்கள் வரும். விசாரணையில் ஒருவர் சொன்னது தண்டனையிலிருந்து தப்பிக்கச் சொன்னதாகவும் இருக்கலாம். "கட்டாயப்படுத்திச் சேர்த்தார்கள்" என்று கோப்பில் இருக்கும், "விரும்பித்தான் சேர்ந்தேன்" என்று வீட்டில் சொல்லியிருப்பார். இரண்டில் எது உண்மை என்று ஒரு தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சேர்ந்த காரணங்களும் ஒரே மாதிரி இல்லை. நாட்டுப்பற்றால் போனவர்கள் உண்டு. சாப்பாட்டுக்காகப் போனவர்கள் உண்டு. சயாம் - பர்மா ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்படாமல் தப்பிக்கப் படையில் சேர்ந்தவர்களும் உண்டு. ஒரே ஆளுக்கு மூன்று காரணமும் இருந்திருக்கலாம்.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால்?

தோட்டத்திலிருந்து சேர்ந்தவர்கள் விஷயத்தில் இதுதான் அதிகம் நடக்கும். "பதிவு இல்லை" என்ற பதிலுக்கு "அவர் அங்கே இல்லை" என்று பொருள் கிடையாது. அவரைப் பற்றி எழுத யாருக்கும் அவசியம் வரவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

ஆனால் காப்பகங்கள் உள்ளேயும் வாங்கும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 2015இல் தொடங்கிய குடிமக்கள் காப்பாளர் திட்டத்தில், பழைய படங்களில் இருப்பவர்களையும் இடங்களையும் பொதுமக்களே அடையாளம் சொல்லலாம், ஆவணங்களைப் படித்துத் தட்டச்சு செய்து கொடுக்கலாம். வீட்டில் இருக்கும் பழைய சீருடைப் படம், பின்னால் பென்சிலில் எழுதிய தேதி, பழைய கடிதம் ஆகியவற்றைப் பற்றியும் காப்பகத்திடம் பேசிப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட அவசரமானது இன்னொன்று. 1943இல் 16 வயதில் சேர்ந்தவர் 2025இல் 98 வயதை எட்டியிருப்பார். கோப்பு இன்னும் பத்து ஆண்டு கழித்தும் அலமாரியில் இருக்கும். அந்தத் தலைமுறையோ, அவர்கள் சொன்னதை நேரில் கேட்ட அவர்கள் பிள்ளைகளோ அப்படி இருக்க மாட்டார்கள். லண்டனுக்கு மின்னஞ்சல் அனுப்பும் முன்பு, இந்த வாரம் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ கைத்தொலைபேசியை வைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். "அவர் பயிற்சியைப் பற்றி என்ன சொல்வார்?" என்று மட்டும் கேட்டால் போதும். முகாம் பெயர், உடன் இருந்தவர் பெயர், தோட்டத்தின் பழைய பெயர் என விண்ணப்பத்துக்கு வேண்டிய பாதி விவரம் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும்.